பணியேற்பு அவகாசம்

மாஹேக்கு மாற்றல் உத்தரவு வந்தது.
சேர்வதற்குப் பன்னிரண்டு நாள்.
ஒரே அரசு, ஒரே சம்பளத் தலைப்பு,
அதே பச்சை மைக் கையெழுத்து.
நடுவில் மட்டும் ஒரு நாட்டின் அகலம்.

"ரயில்ல போனா மறுநாள் அங்க மீன் வாங்கலாம்"
என்றாள் பிலோமின்.
சைக்கிளில் போகிறேன் என்றேன்.
என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்,
பழக்க தோஷம்.

பதினேழு வருஷம் விபத்துப் பிரிவில் இருந்தவளுக்குச்
சாலைகளை ஊர்ப் பெயரால் தெரியாது.
திண்டிவனம் சாலை: தலை.
கடலூர் சாலை: முழங்காலுக்குக் கீழே.
விழுப்புரம் சாலை
வெள்ளிக்கிழமை இரவுகளில் பிராந்தி வாசத்தோடு வரும்.
கிழக்குக் கடற்கரைச் சாலை
வாடகை ஸ்கூட்டர், இருபத்திரண்டு வயது,
பெயர் கேட்டால் இந்தியில் அழும்.

பழைய பதிவேடுகளை எடுத்து
'சைக்கிளில் சென்றவர்' என்ற இடங்களைப் பென்சிலால் தொட்டுக்கொண்டே போனேன்.
பின்னாலிருந்து மோதியது நாற்பத்தொன்று.
எதிரே வந்து மோதியது ஆறு.
நேரு வீதியில் ஒரு பக்கக் கண்ணாடி வாங்கினேன்.

பதினான்காம் கட்டிலில் அய்யனாரப்பன்,
டேங்கர் ஓட்டுநர், எடை கட்டித் தொங்கும் வலது கால்.
கோழிக்கோடு வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்பான்.
ஒரு நாள் அப்படித்தான் ஓட்டியிருக்கிறான்.
"சேலம், ஈரோடு, கோயமுத்தூர், பாலக்காடு.
மேடே கிடையாது சிஸ்டர், மலையே ஒதுங்கி வழி விட்டிருக்கும்."
ஓரம் எவ்வளவு அகலம் என்று கேட்டேன்.
வெகுநேரம் யோசித்தான்.
"ஓரத்தை நான் பார்த்ததில்லையே."
நிழல்?
நாய்?
"திம்பம் வேணா போங்க. இருபத்தேழு வளைவு, முக்கால் மணி நேரம்."
அவனுடைய முக்கால் மணி
என் தொடைகளுக்கு ஒரு முழுப் பகல்.

ஆகவே பதிவேட்டையே நம்பினேன்.
எங்களிடம் யாரையும் அனுப்பாத சாலைகளாகப் பார்த்துச் சேர்த்தேன்.
திருவண்ணாமலை, அரூர், தருமபுரி, அந்தியூர்,
ஒரு சொட்டு ரத்தமில்லாத கோடு.
இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் கை கழுவும்போது உறைத்தது:
அரூரில் விழுகிறவன் ஏன் புதுச்சேரிக்கு வரப்போகிறான்?

அன்று இரவு தருமபுரிக்குப் போன் போட்டேன்.
"கேஸ் அனுப்புறீங்களா சிஸ்டர்?"
"இல்ல, நானே வரேன்."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்து மின்விசிறிச் சத்தம்.
பிறகு காகிதம் புரளும் சத்தம்.
"தொப்பூர் வேண்டாம். சத்தியமா வேண்டாம்.
பென்னாகரம் பக்கமா இறங்கி மேச்சேரி புடிங்க.
அங்கிருந்து வர்றவங்கல்லாம்
மரத்துலேருந்து விழுந்தவங்க, புளி உலுக்கப் போய்."

சத்தியமங்கலத்தில் ஓர் ஆண் செவிலியர்.
திம்பத்தில் சைக்கிள் கேஸே கிடையாது மேடம் என்றார்.
மனம் குளிர்வதற்குள்,
ஏறுகிற சைக்கிளும் கிடையாது என்றார்.

மாஹேயில் எடுத்தவள் மலையாளத்தில் நிறையச் சொன்னாள்.
குற்றியாடிச் சுரம், மழ, பிரேக், சேச்சி,
இவ்வளவுதான் பிடிபட்டது.
என் இடத்துக்கு மாற்றலாகி வரப்போகிறவள் அவள்தானாம்.
நான் போய்ச் சேர்ந்தால்தான் அவளை விடுவிப்பார்கள்.
என் உயிர்மேல் இத்தனை அக்கறை
இந்த உலகத்தில் இப்போது வேறு யாருக்கும் இல்லை.

குறுக்குக் கம்பியில் ரத்த வகை எழுதினேன்.
பெயருக்கு இடம் போதவில்லை.

விடிகாலை நாலரை.
பத்துக்கண்ணுக்கும் திருக்கனூருக்கும் நடுவே
எத்தனை தடவை மாநிலம் மாறினேனோ, எண்ணவில்லை.
பிராந்திக் கடை வந்தால் எங்கள் மண்,
அது முடிந்து புளியமரம் வந்தால் அவர்கள் மண்.
இந்த ஒரு சாலையைப் பற்றி மட்டும்
நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

கண்ணாடியில் ஒரு வெளிச்சம் பெருத்துக்கொண்டே வந்தது.
பால் வண்டி.
ஒதுங்கிப் போயிற்று.

இதை எழுத எங்கள் பதிவேட்டில் கட்டம் இல்லை.

அதற்குப் பின்னால்
விளக்கில்லாத ஒரு கரும்பு டிராக்டர்.